34 வயதில் எதிர்க் கழகம் கூப்பிட்டால் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். உங்களுக்கு 34 வயது. பாடசாலை முடித்த காலம் தொட்டு ஒரே உதைபந்தாட்டக் கழகத்துக்கு ரைட் விங், அதாவது வலது ஓரத்தில், ஆடுகிறீர்கள், நடுவில் சில சீசன் கப்டனாகவும் இருந்திருக்கிறீர்கள். போன சீசனில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது கடற்கரையோரத்தில் அடுத்த ஊர்க் கழகம், உங்கள் ஊர் அப்பா காலத்திலிருந்து மோதிக்கொண்டு வரும் அதே கழகம், "வாங்கோ அண்ணா, ரெண்டு சீசன் எங்களுக்கு ஆடித் தாங்கோ" என்று கூப்பிடுகிறது. போனால் துரோகி என்பார்களா, போகாவிட்டால் பெஞ்சிலேயே எல்லாம் முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் பதிவின் நடுவே வந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது. "என்னட்ட இன்னும் ஆட்டம் இருக்கு, எங்கட ஆக்களுக்குத்தான் அது தெரியேல்ல" என்று எழுதியிருந்தீர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை விட அந்த வரியில் உள்ள வலி பெரிது. ஆகவே இரண்டையும் பிரித்துத்தான் பதில் சொல்லப் போகிறேன். உங்கள் காலில் எவ்வளவு ஆட்டம் மிச்சம், அதை எங்கே ஆடினால் வீணாகாது என்பது ஒன்று. ஊர் வாய் மற்றது. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதைப் போட்டு உருட்டினால் இரவு நித்திரைதான் கெடும்.

நான் திருகோணமலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பாடசாலை அணிகளையும், உப்புவெளியிலிருந்து மூதூர் வரை சில கழகங்களையும் பயிற்றுவித்திருக்கிறேன். ஊர் விட்டு ஊர் மாறி ஆடியவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். வைத்தியன் அல்ல. அதனால் நீங்கள் குறிப்பிட்டிருந்த முழங்காலைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

உடம்பில் தொடங்குவோம், ஏனென்றால் உறுதியாகப் பேசக்கூடியவை அங்கேதான் அதிகம். முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரனிடம் முதலில் குறைவது வெடித்துக் கிளம்பும் வேகம். தடுக்க வரும் பேக்கை நிற்க வைத்துவிட்டுப் பந்தோடு போகும் அந்த முதல் ஏழெட்டு எட்டுகள். நீண்ட நேரம் ஓடும் சக்தி அவ்வளவு வேகமாக இறங்காது, ஒழுங்காகப் பயிற்சி எடுப்பவனிடம் அது நிதானமாகத்தான் குறையும். பந்து எங்கே வரும், யார் தனியே நிற்கிறான், எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அறிவோ கூடிக்கொண்டுதான் போகும். இதில் விங் ஆடுபவர்களுக்கு ஒரு அநியாயம் இருக்கிறது. அவர்கள் எதை வைத்து ஆடுகிறார்களோ, வயது முதலில் கை வைப்பது அதில்தான். நடுப் பாதுகாப்பில் நிற்கும் ஸ்டொப்பருக்கும் கோல் கீப்பருக்கும் அந்த அடி பிந்தித்தான் விழும். ஆகவே, நீங்கள் பெஞ்சுக்குப் போனதை வைத்து உங்கள் தரம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ரைட் விங் என்ற இடம் உங்களை விட்டுப் போயிருக்கலாம், ஆட்டம் போயிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, ஒரு ஆட்டம் முடிந்த பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். இருபத்திரண்டு வயதில் சனிக்கிழமை ஆடிவிட்டு ஞாயிறு மறுபடியும் ஆடலாம். 34இல் அப்படி ஆடினால் இரண்டாவது ஆட்டத்தில் பின்தொடைத் தசை பிடிக்கும். நம்முடைய ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: காலையில் ஒரு நொக் அவுட், பின்னேரம் அரையிறுதி, இடையில் ஒரு கொத்துரொட்டி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மைதானம் சீமெந்து போல இறுகிக் கிடக்கும், வெயில் 35 பாகையைத் தாண்டும். வயதானவனின் தசைக்கும் மூட்டுக்கும் இதை விடக் கெட்ட ஏற்பாடு கிடையாது. நீங்கள் எந்தக் கழகத்துக்கு ஆடினாலும் ஒரே நாளில் இரண்டு முழு ஆட்டம் ஆடுவதை நிறுத்துங்கள். பின்தொடைத் தசை ஒருமுறை கிழிந்தவனுக்கு அது மறுபடி கிழியும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு முன் அது கிழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்காலில் நின்று, பின்னால் ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை நேராக வைத்துக்கொண்டு மெது மெதுவாக முன்னால் சாயும் பயிற்சி ஒன்று இருக்கிறது. நோர்டிக் பயிற்சி என்பார்கள். அதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத பயிற்சி, நம் கழகங்களில் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

மிச்சம் எவ்வளவு என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு 20 மீற்றர் தூரத்தை முழு வேகத்தில் ஆறு தரம் ஓடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 30 வினாடி ஓய்வு. ஒருவரிடம் ஸ்டொப்வாட்ச் கொடுத்து நேரங்களை எழுதச் சொல்லுங்கள். கழகத்தில் இருபது வயதுப் பெடியன் ஒருவனையும் கூடவே ஓட விடுங்கள். முதல் ஓட்டத்தில் அவன் உங்களை வெல்வான், அது இயல்பு. பார்க்க வேண்டியது ஆறாவது ஓட்டத்தில் உங்கள் நேரம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை. விழுந்தது கொஞ்சம் என்றால் நடுக்களத்தில் முழு ஆட்டம் ஆடலாம். மூன்றாவது ஓட்டத்திலேயே மளமளவென்று விழுகிறது என்றால் எந்தக் கழகமானாலும் கடைசி அரை மணி நேர ஆட்டம்தான் உங்களுக்கு. முழங்காலைப் பொறுத்தவரை, ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் வீங்கியிருந்தால், அல்லது படி இறங்கும்போது மடங்குவது போல் இருந்தால், இந்த ஓட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு முதலில் எலும்பு மூட்டு வைத்தியரைப் பாருங்கள். எண்ணெய் போட்டு உருவி, பட்டி கட்டிக்கொண்டு இறங்காதீர்கள். அவர் ஆட வேண்டாம் என்றால் இந்தக் கேள்வியே அங்கே முடிந்துவிடும்.

சரி, ஏன் பெஞ்ச்? நீங்கள் எழுதியதில் உங்கள் பயிற்றுநரிடம் இதை நேரே கேட்டதாக எங்கும் இல்லை. மற்ற ஆட்களிடம் கேட்டிருக்கிறீர்கள், தேநீர்க் கடையில் பேசியிருக்கிறீர்கள், அவரிடம் கேட்கவில்லை. நம் ஊர்களில் இது வழமை. மூத்த ஆட்டக்காரனிடம் உண்மையைச் சொல்லப் பயிற்றுநர் கூச்சப்படுவார், கேட்க ஆட்டக்காரனுக்கும் மரியாதைக் குறைச்சலாக இருக்கும். இருவரும் பேசாமலே ஒரு சீசன் போய்விடும். ஆட்கள் இல்லாத ஒரு பின்னேரம் அவரிடம் போய், "சேர், அடுத்த சீசன் என்னை எங்க ஆட வைக்கப் போறீங்கள்?" என்று கேளுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், அது சண்டையில் முடியும். அடுத்த சீசனைக் கேளுங்கள். விங்கில் இளம் பெடியனுக்குத்தான் இடம், ஆனால் உங்களை உள்ளே கொண்டுவந்து நடுக்களத்தில் ஆட வைக்கலாம் என்று அவர் சொன்னால், நீங்கள் வேறு எங்கும் போகத் தேவையே இல்லாமல் போகலாம். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்த ஊர்க்காரர்களிடமும் இதே போலத் திறந்து கேட்க வேண்டும். எதிர்க் கழகம் ஒரு மூத்தவரைக் கூப்பிடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். இளம் அணி, வழிநடத்த ஒருவர் வேண்டும், அதற்காகக் கூப்பிடுவது மிக நல்ல காரணம். குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு ஆள் இல்லை, உங்களை அங்கே போடப் போகிறார்கள், அதுவும் நல்லது. மூன்றாவது, உங்கள் ஊரின் முகத்தில் கரி பூச வேண்டும், அதற்கு உங்கள் பெயர் வேண்டும். இந்த மூன்றாவதற்காகப் போனவர்களின் நிலைமையைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆட்டத்தில் மாலை போட்டு, வெடி கொளுத்தி, படம் எடுத்துப் போடுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அங்கேயும் பெஞ்ச். அவர்களுக்கு வேண்டியது முதல் நாளே கிடைத்துவிட்டது. உங்களைக் கூப்பிட்டது யார் என்று பாருங்கள். பயிற்றுநர் கூப்பிட்டிருந்தால் ஆட்டத்துக்காக. கழகத்தில் உள்ள யாரோ ஒரு பெரிய மனிதர் மட்டும் கூப்பிட்டு, பயிற்றுநர் இன்னும் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றால், எனக்கு அது பிடிக்கவில்லை. எந்த இடத்தில், எவ்வளவு நேரம், பயிற்சிக்குக் கிழமையில் எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள். வேலை எடுத்துத் தருவோம் என்ற பேச்சும் வந்தது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். முப்படை, பொலிஸ் அணிகளில் ஆட்டமும் வேலையும் ஒன்றாக வரும், அங்கே அது உண்மையான வேலை. ஊர்க் கழகம் சொல்லும் வேலை அப்படியானது அல்ல. நியமனக் கடிதம் கையில் வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள்.

இனி அந்தத் துரோகி என்ற சொல். பெரிய உதைபந்தாட்டத்தில் இது எப்படி நடந்தது என்று பார்ப்பது உதவும், ஏனென்றால் அங்கே ரசிகர்கள் யாரை மன்னித்தார்கள், யாரை மன்னிக்கவில்லை என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. டெனிஸ் லோ இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 11 வருடம் ஆடி 237 கோல் போட்டவர். 1973இல் யுனைடெட் அவரை இலவசமாக விடுவித்தது. அதே நகரத்தின் எதிர்க் கழகமான மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 1974 ஏப்ரல் 27ஆம் திகதி, 34 வயதில், உங்கள் வயதில், யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் ட்ராஃபர்ட்டிலேயே குதிக்காலால் பந்தைத் தட்டி யுனைடெட்டுக்கு எதிராகக் கோல் போட்டார். அந்த சீசனோடு யுனைடெட் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. அந்தக் கோல்தான் இறக்கியது என்று இன்றும் பலர் சொல்வார்கள், அது பிழை. அன்று மற்ற மைதானங்களில் வந்த முடிவுகளால் யுனைடெட் எப்படியும் இறங்கியிருக்கும். லோ அந்தக் கோலைக் கொண்டாடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். 2008இல் ஓல்ட் ட்ராஃபர்ட்டுக்கு வெளியே யுனைடெட்டின் மற்றப் பெரிய ஆட்டக்காரர்களான ஜோர்ஜ் பெஸ்ட், பொபி சார்ள்டன் ஆகியோரோடு அவருக்கும் சிலை வைத்தார்கள். எதிரணிக்குப் போய், சொந்த மைதானத்தில் கோல் போட்டவருக்கு!

ஃபிராங்க் லாம்பார்ட் லண்டன் கழகமான செல்சிக்கு 211 கோல் போட்டு, அந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே அதிக கோல் போட்டவராக 2014இல் விலகினார். அதே வருடம் செப்டெம்பரில், 36 வயதில், மான்செஸ்டர் சிட்டிக்காகக் கடைசி நேரத்தில் இறங்கி, செல்சிக்கு எதிராகச் சமன் கோல் போட்டார். அவரும் கொண்டாடவில்லை. 2019இல் செல்சியே அவரைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. இத்தாலியின் பிர்லோ 32 வயதில் ஏசி மிலானை விட்டு, அதன் போட்டிக் கழகமான யுவென்டஸுக்குப் போனார். மிலான் நீண்ட ஒப்பந்தம் தர விரும்பவில்லை. போன இடத்தில் தொடர்ந்து நான்கு தரம் இத்தாலிய லீக்கை வென்றார். லூயிஸ் சுவாரெஸ் 2020இல், 33 வயதில், இனி நீங்கள் வேண்டாம் என்று பார்சிலோனா சொல்லிவிட, அதே ஸ்பானிய லீக்கில் ஆடும் அட்லெட்டிகோ மட்ரிட்டுக்குப் போனார். அந்த சீசன் லீக்கில் 21 கோல், கடைசி நாள் வெற்றிக் கோலும் அவருடையது, அட்லெட்டிகோ சம்பியன். இதற்கு எதிர்ப்பக்கம் லூயிஸ் ஃபிகோ. 2000ஆம் ஆண்டில், ஆட்டத்தின் உச்சத்தில், பார்சிலோனா தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோதே அதன் பரம எதிரியான ரியல் மட்ரிட்டுக்குப் போனார். 2002இல் பார்சிலோனா மைதானத்தில் அவர் கோர்னர் அடிக்கப் போனபோது ரசிகர்கள் பன்றித் தலையை எறிந்தார்கள். அந்தக் கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை.

வேண்டப்பட்ட காலத்தில் விட்டுப் போனவனைத்தான் ஊர் மன்னிப்பதில்லை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். கழகம் கைவிட்ட பிறகு போனவனை, கொஞ்சக் காலம் ஏசிவிட்டு, ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டாவது வகை. இது என் கருத்து, ஐந்து பேரின் கதையை வைத்து இதை விதி என்று சொல்ல முடியாது.

அதோடு, அந்தக் கதைகளை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. ஃபிகோ மட்ரிட்டில் வீடு எடுத்து வாழ்ந்தார். நீங்கள் அதே ஒழுங்கையில்தான் இருக்கப் போகிறீர்கள். உங்களோடு சேர்ந்து ஆடியவன் வலை வளைக்கும் கரையில் நாளை காலை நிற்பான், கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று தேர்வடம் பிடிப்பான், உங்கள் மகள் படிக்கும் வகுப்பில் அவன் மகனும் படிப்பான். உங்கள் பதிவில் அண்ணாவைப் பற்றி ஒரு வரி வந்தது, அவர் உங்கள் கழகத்தின் நிர்வாகத்தில் இருக்கிறார் என்று. உண்மையில் எனக்குப் பயம் அங்கேதான். பார்வையாளர்கள் கத்துவது ஒன்றரை மணித்தியாலம். வீட்டுக்குள் கதைக்காமல் இருப்பது வருடக்கணக்கில் போகும். மறுபக்கம், இந்த நெருக்கமே உங்களுக்குத் துணையும் கூட. அடுத்த ஊரில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் உங்கள் ஊரில் எத்தனை பேர்? மைதானத்தில் எதிரி, கலியாண வீட்டில் மச்சான். யுத்த காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் இந்தக் கரையோர ஊர்கள் ஒன்றுக்கொன்று எப்படி ஓடி வந்தன என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அந்த உறவுக்கு முன்னால் ஒரு ஜேர்சியின் நிறம் பெரிதல்ல என்று நான் மனதார நம்புகிறேன். உங்கள் அண்ணா என்ன நினைப்பார் என்பதை மட்டும் நான் ஊகிக்க மாட்டேன். அவரோடு நீங்கள்தான் பேச வேண்டும், அதுவும் மற்ற எல்லாருக்கும் முன்னால்.

போவது என்று முடிவானால் ஒழுங்கு முக்கியம். முதலில் அண்ணா, பிறகு பயிற்றுநர், பிறகு கப்டன், மூவரிடமும் நேரில். தொலைபேசியில் வேண்டாம், வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டு வெளியேறுவது அறவே வேண்டாம். அதைச் செய்தவர்களைத்தான் ஊர் நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், விடுவிப்புக் கடிதத்தை வாங்குங்கள், கழகத்தின் ஜேர்சி, பந்து, பணம் எதுவும் உங்களிடம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஆட்டக்காரனின் பதிவு ஒரு நேரத்தில் ஒரு கழகத்தில்தான் இருக்கலாம், ஒரு சீசனில் உத்தியோகபூர்வப் போட்டிகளில் இரண்டு கழகத்துக்கு மேல் ஆட முடியாது என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் விதி. ஒப்பந்தமும் சம்பளமும் இல்லாமல் ஆடுபவர் அந்த விதிகளின்படி அமெச்சூர்தான், ஆனால் பதிவு என்ற கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. ஆகவே பழைய பதிவு நீங்காமல் புது ஜேர்சி போட்டு இறங்கிவிடாதீர்கள், எதிரணி முறைப்பாடு செய்தால் உங்கள் புதுக் கழகம் புள்ளிகளை இழக்க நேரிடலாம். பதிவு எப்போது முடிகிறது என்பதை லீக் செயலாளரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள், இடைத்தரகர்களிடம் கேட்காதீர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் சம்மதித்து, உங்கள் பயிற்றுநர் மழுப்பி, அடுத்த ஊர்ப் பயிற்றுநர் நடுக்களத்தில் இடம் என்று வாயால் சொன்னால், போங்கள். ஆட முடிந்த காலத்தில் ஆட வேண்டும். நாற்பது தாண்டிய பிறகு மாஸ்டர்ஸ் ஆட்டங்கள் இருக்கின்றன, ஆனால் இந்த இரண்டு சீசனை அங்கே போய்த் திரும்ப ஆட முடியாது. மூன்றில் ஒன்று பிசகினாலும் நில்லுங்கள், நின்று உங்கள் கழகத்தின் பதினாறு வயதுக்குட்பட்ட பெடியன்களைக் கையில் எடுங்கள். விங்கில் எப்படி உடம்பைத் திருப்புவது என்று உங்களைப் போல் காட்ட அங்கே வேறு ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால். பழைய கழகத்துக்கு எதிரான முதல் ஆட்டத்துக்கு முன்னால் புதுக் கழகத்தில் உங்களைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். உங்கள் பழைய அணி கோர்னரை எப்படி அடிக்கும், பெனால்டியை யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கேட்டால் சொல்லலாம், அது மைதானத்தில் எல்லாரும் பார்க்கக்கூடியது. கோல் கீப்பருக்கு எந்தத் தோளில் நோவு, ஸ்டொப்பருக்கு எந்தச் சொல் சொன்னால் கோபம் வரும், யாருடைய வீட்டில் என்ன பிரச்சினை, இவை அவர்கள் உங்களை நம்பிச் சொன்னவை. அதைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கோல் போட்டால் ஓடிக் குதிக்காமல் திரும்பி நடுக்கோட்டுக்கு வாருங்கள். விசில் ஊதியதும் முதலில் பழைய பெஞ்சுக்குப் போய்க் கை கொடுங்கள், யாராவது கை தராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுங்கள். அந்த ஆறு ஓட்டங்களின் நேரத்தை எடுத்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்த இடத்தில் ஆடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.